பேழைக்குள் ஒரு மத்தியானம்

சாட்சி ஆணையத்திலிருந்து வந்த அலுவலர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார். கூடத்தில் மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகுதான் திருமூர்த்தியின் பக்கம் திரும்பினார்.

"அப்பா போனது வருத்தமான விஷயம்தான். ஆனா ரத்தப் பரிசோதனை முடிவு வந்திருக்கு. என் வேலைய நான் பண்ணித்தான் ஆகணும்."

"பண்ணுங்க மேடம்," என்றான் திருமூர்த்தி.

அவர் பெயர் பர்வீன். எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அதுவே எதிரில் இருப்பவரைத் தேவைக்கு மேல் பேச வைத்துவிடும்.

"ரத்தத்துல வலி மருந்து இருக்க வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு இருக்குது. பாட்டில்லயும் ஒரு வேளை மருந்து கொறையுது. ஒரே மத்தியானத்துல ரெண்டு தடவ குடுத்திருக்காங்க. யாரு குடுத்தது?"

சமையலறை வாசலில் எஸ்தர் நின்றிருந்தாள். வால்பாறைக்காரி. நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் உரிமம் பெற்றவள். ஏஜென்சி மூலமாகக் கோயம்புத்தூர் வடவள்ளியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்து, புற்றுநோய் எலும்புக்குப் பரவிக் கிடந்த அர்த்தநாரியை ஒரு வருஷத்துக்கு மேல் கவனித்துக்கொண்டவள். கிழவர் கடைசி மாதங்களில் மகன் ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டார். அவள் ஊட்டினால் திறப்பார்.

"நான் ஒரு தடவதான் குடுத்தேன் மேடம். டாக்டர் எழுதுன அளவு. அன்னைக்கு பெரிய வெள்ளி. சர்ச்சுல ஆராதனைக்குப் போகணும்னு சார்கிட்ட முன்னாடியே கேட்டிருந்தேன். மருந்தக் குடுத்து, குடுத்துட்டேன்னு சார்கிட்ட சொல்லிட்டுத்தான் கெளம்புனேன்."

பர்வீன் திருமூர்த்தியைப் பார்த்தார்.

"நான் ஒரு போன் கால்ல இருந்தேனுங்க," என்றான் அவன். பம்புசெட் கம்பெனி ஒன்றில் மோட்டார் வடிவமைப்பது அவன் வேலை. பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்வான். "வெளிநாட்டு கஸ்டமர். அவங்க ஏதோ சொன்னாங்க. என்ன சொன்னாங்கன்னு சரியாக் காதுல வுழுகல."

"அவங்க போனதுக்கப்புறம் நீங்க மருந்து ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க."

அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. சொல்லிவிட்டு அப்பாவின் படத்தைப் பார்க்காமலிருக்கத் தரையைப் பார்த்தான்.

"சரி. வீட்டையே கேட்டுருவோம். பேழை எங்க இருக்குது?"

முதியவரையோ குழந்தையையோ சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொள்கிற எந்த வீட்டிலும் பேழை இருந்தாக வேண்டும் என்ற சட்டம் வந்து வெகுகாலமாகிவிட்டது. அறைக்கு ஒரு கண். கண்கள் பார்ப்பதையும் கேட்பதையும் பேழை சேர்த்து வைக்கும். நடந்துகொண்டிருப்பதை வீட்டார் போனில் பார்க்கலாம். நடந்து முடிந்ததை யாரும் பார்க்க முடியாது. வீட்டுக்காரரின் உள்ளங்கையும் ஆணைய அலுவலரின் உள்ளங்கையும் சேர்ந்தால்தான் முத்திரை திறக்கும். வீட்டின் சொல் இருந்தால் மனிதர் சொல் தேவையில்லை. வீட்டின் சொல் கிடைக்காமல் போனால் அடுத்தபடியாக வீட்டுக்காரர் சொல். அதற்கும் கீழேதான் வேலைக்கு வந்தவர் சொல். சட்டம் வந்த புதிதில் இந்த வரிசையைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. பேழைதான் இருக்கிறதே, அது பழுதானால்தானே இந்தப் பேச்சே வரும் என்று சொல்லி அந்தச் சண்டையை முடித்துவைத்தார்கள்.

மற்ற வீடுகளில் கம்பெனி செய்த பேழை இருக்கும். திருமூர்த்தி தன் கையாலேயே கட்டியிருந்தான். ஐந்து டிஸ்க் பொருத்திய ஒரு கறுப்புப் பெட்டி. சமையலறையை ஒட்டிய சாமான் அறையில், கண் வைக்கத் தேவையில்லை என்று சட்டம் விட்டுவைத்த இடத்தில், அரிசி மூட்டைக்கு மேலே ஒரு பலகையில் இருந்தது.

மூன்றாவது டிஸ்க்கின் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பர்வீன் தன் கையை வைத்துப் பார்த்தார். அவனையும் வைக்கச் சொன்னார். முத்திரை திறக்கவில்லை. 'குறையுள்ள பேழை சாட்சி சொல்லாது' என்று மட்டும் திரையில் வந்தது.

"ஒரு டிஸ்க் போயிருக்கு," என்றான் திருமூர்த்தி. அவன் குரல் லேசாக நடுங்கியது. அது பயமல்ல என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

"சரி பண்ண முடியுமுங்களா?"

"முடியும். புது டிஸ்க் போட்டா மத்த நாலயும் படிச்சு, போனதுல என்ன இருந்துச்சுன்னு அதுவே கணக்குப் போட்டு எழுதிரும்."

"அப்ப எழுதட்டும். மாசக் கடைசி வரைக்கும் டைம் தர்றேன். முடியாதுன்னா முடியாதுன்னு கைவெச்சுக் குடுத்துருங்க. அப்புறம் மனுஷங்க சொல்றத வெச்சுத்தான் பாக்கணும்." பர்வீன் எஸ்தரைப் பார்த்தார். "அது வரைக்கும் நீங்க ஊருக்குப் போகக் கூடாதும்மா. உரிமத்த நிறுத்தி வெச்சிருக்கோம்."

அவர் போன பிறகு எஸ்தர் சாமான் அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல நான் இருப்பேன்ல சார்? அன்னைக்கு நடந்தது எல்லாம் இருக்கும்ல?"

"இருக்கும்."

"நாலு டிஸ்க்க வெச்சு அஞ்சாவது எப்படி சார் தெரியும்?"

"அஞ்சு எண்ணையும் கூட்டுனா என்ன வருமுன்னு தெரியும்னு வெச்சுக்கோ. ஒரு எண் அழிஞ்சு போச்சு. மத்த நாலையும் கழிச்சா அழிஞ்சது வந்துரும். அது மாதிரி."

"ரெண்டு எண் அழிஞ்சு போனா?"

"ரெண்டு போனா ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாமே போயிரும்."

"அதெல்லாம் போகாது சார்," என்றாள் எஸ்தர், அவனுக்கு ஆறுதல் சொல்வதுபோல.

பெரிய வெள்ளி மத்தியானம் நடந்தது இதுதான். திருமூர்த்தி போனில் பேசி முடித்தபோது அப்பாவின் அறையிலிருந்து முனகல் கேட்டது. அர்த்தநாரி மில்லில் ஃபிட்டராக இருந்தவர். கை நசுங்கியபோதுகூடக் கத்தாதவர் என்று சொல்வார்கள். அவர் 'அம்மா, அம்மா' என்று சின்னப் பையனைப் போல அழுதுகொண்டிருந்தார். திருமூர்த்தி மருந்து பாட்டிலை எடுத்தான். பக்கத்தில் அளவுக் கிண்ணம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கிண்ணம் ஈரமாக இருந்தது. அந்த ஈரத்தை அவன் பார்த்தான். எஸ்தருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும் என்றும் நினைத்தான். சர்ச்சில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மருந்தை ஊற்றினான். அப்பா மறுக்காமல் குடித்தார். மகன் கையால் அவர் கடைசியாகக் குடித்தது அதுதான். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. தூங்குகிறார் என்று அவன் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டான்.

டாக்டர் வந்து பார்த்தபோதே சொல்லியிருக்கலாம். ஈரோட்டிலிருந்து அக்கா வந்து கட்டிப்பிடித்து அழுதபோது, 'நீ நல்லாப் பாத்துக்கிட்டடா, எந்த மகனும் இப்பிடிப் பாக்க மாட்டான்' என்று சொன்னபோது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டான். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டியது பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் அது ஒரு கைத்தவறு. பிறகு மறைத்த கைத்தவறு. பர்வீனிடம் 'இல்லீங்க' என்று சொன்ன பிறகு அது வேறு ஒன்றாக மாறிவிட்டது.

காந்திபுரத்தில் புது டிஸ்க் வாங்கி வந்தான். மூன்றாவது தட்டை உருவினான். சாம்பல் நிற டிஸ்க், மேலே தூசி. அதைப் பலகையின் ஓரம் போட்டுவிட்டுப் புதியதைச் செருகினான். பேழை தானாகவே வேலையைத் தொடங்கியது. திரையில் ஒரு நீலக்கோடு புழுவைப்போல நகர ஆரம்பித்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டாள் சுகந்தி. அவன் மனைவி. கிராஸ்கட் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அன்று வேலைக்குப் போகாமல் சாமான் அறை வாசலிலேயே நின்றிருந்தாள்.

"நாளைக்கு ஆயிரும்."

"எல்லாமே திரும்ப வந்துருமுங்களா? ஒண்ணு விடாம?"

"வரும்."

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு அவன் தோளை லேசாகத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். எதற்கு அப்படித் தொட்டாள் என்று அவனுக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் காலையில் அவன் எழுந்து வந்து பார்த்தபோது சாமான் அறையில் காற்றாடிச் சத்தம் கேட்டது. எஸ்தர் அப்பாவின் அறையிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து, ஒரு முக்காலிமேல் வைத்து, பெட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தாள்.

"சூடாச்சுன்னா டிஸ்க் கெட்டுப்போகும்னு எங்க ஏஜென்சி பையன் சொன்னான் சார். தொட்டுப் பாத்தேன், அடுப்பாட்டம் கொதிக்குது. அதான்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னான்.

"பாதிக்கு மேல ஆயிருச்சுல்ல சார்? கோடு பாதியத் தாண்டிருச்சு." அவள் சிரித்தாள். "எங்கம்மாகிட்ட சொல்லிருக்கேன். வீடு சொன்னா எல்லாம் முடிஞ்சிரும், பயப்படாதேன்னு."

முற்பகலில் கோடு நின்றது.

திருமூர்த்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தான். ஐந்தாவது டிஸ்க் படிக்கத் திணறிக்கொண்டிருந்தது. ஐந்தும் ஒரே நாளில் வாங்கியவை, வயதானவை. ஒன்றை மீட்க மற்ற நான்கையும் ஓயாமல் படிக்க வைக்கும்போது இன்னொன்று கையை விரிப்பது நடக்கக்கூடியதுதான். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். உடனே நிறுத்த வேண்டும். பலவீனமான டிஸ்க்கைக் கழற்றி ஆறவிட்டு, தனியாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுக்க வேண்டும். நாலைந்து நாள் பிடிக்கும். ஆனால் பெரும்பாலும் வந்துவிடும். அவனே ஒரு நண்பனுக்கு அப்படி மீட்டுக் கொடுத்திருக்கிறான்.

திரை கேட்டது: நிறுத்தவா, தொடரவா?

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் எஸ்தர் குக்கரைத் திறக்கும் சத்தம். தனக்கு வேலையில்லை என்று ஆன பிறகும் அவள் சமைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் தொடரச் சொன்னான்.

டிஸ்க் கொஞ்ச நேரம் 'டக், டக்' என்று தட்டியது. பிறகு ஒரு நீளமான கீச்சு. பிறகு சத்தமில்லை. ஐந்தாவது விளக்கும் சிவப்பானது. நீலக்கோடு மறைந்துபோய், அதன் இடத்தில் 'மீட்க இயலாது' என்று வந்தது.

சுகந்தியும் எஸ்தரும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள்.

"என்னாச்சுங்க?"

"இன்னொண்ணும் போயிருச்சு," என்றான் திருமூர்த்தி. "ரெண்டு போச்சு. அவ்வளவுதான்."

எஸ்தர் அழவில்லை. ஃபேனை நிறுத்தினாள். பிறகு, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க, நேத்துலருந்து இதுலயேதான் கெடந்தீங்க," என்றாள். அவன் மனதில் அதைவிடக் கூர்மையாக இறங்கக்கூடிய ஒரு சொல்லை யாராலும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

அன்று மாலையே பர்வீன் வந்து, மீட்க முடியாது என்பதற்கு அவன் உள்ளங்கைப் பதிவை வாங்கிக்கொண்டு போனார். இனி வீட்டுக்காரர் சொல். எஸ்தரை ஏஜென்சிக்காரர்கள் பீளமேட்டில் இருக்கும் தங்கள் விடுதிக்கு அழைத்துப் போனார்கள். போகும்போது அவள் அப்பாவின் படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். விசாரணைக்குத் தேதி வந்தது. கவனக்குறைவால் மரணம் என்று முடிவானால் உரிமம் நிரந்தரமாகப் போகும், சிறையும் உண்டு என்று ஏஜென்சி மேலாளர் போனில் சொன்னார். "எங்க பேரும் கெடுமேங்க," என்று அவர் வருத்தம் அவருக்கு.

திருமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போய்விட்டது என்று சொல்ல முடியாது; தூங்கினான். அதுதான் அவனுக்கு அசிங்கமாக இருந்தது. அசந்து தூங்கி எழுந்து, முகம் கழுவி, நினைவு வந்து, அப்படியே குழாயடியில் நிற்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். சுகந்தி உள்ளேயிருந்து வந்து, ஒரு பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிய எதையோ அவன் முன்னால் டீப்பாய்மேல் வைத்தாள். பிரித்தான். சாம்பல் நிற டிஸ்க்.

"என்னது இது?"

"மூணாவது."

"மூணாவது சாமான் ரூம்ல கெடக்குது."

"அங்க கெடக்கறது உங்க அட்டைப்பெட்டியில இருந்த பழசு. கெட்டுப்போச்சுன்னு நீங்களே போட்டு வெச்சது. அப்பா போன அன்னைக்கே அதச் செருகிப்போட்டு இத எடுத்துட்டேன். நீங்க ஒருக்கா டிஸ்க் மாத்துனப்ப நாந்தான டார்ச் புடிச்சேன். எப்பிடி உருவறதுன்னு தெரியும்."

அவன் டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்தான். மேலே அச்சிட்டிருந்த எண் அவனுக்குத் தெரிந்த எண்தான். அன்று மற்றதை உருவியபோது அவன் எண்ணைப் பார்க்கவில்லை.

"எதுக்கு?"

சுகந்தி எதிரில் உட்கார்ந்தாள். "கடையில இருந்து போன்ல பாத்துட்டு இருந்தேன். எஸ்தர் மருந்து குடுத்தப்பவும் பாத்தேன். நீங்க குடுத்தப்பவும் பாத்தேன்."

அவன் டிஸ்க்கிலிருந்து நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அப்பவே கூப்பிட்டிருக்கணும்," என்றாள் அவள். "போன் கையிலதான் இருந்துச்சு. டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் குடுக்கறீங்களோ என்னமோன்னு நெனச்சேன். அதுக்குள்ள முதலாளி கூப்பிட்டாரு. போயிட்டேன். திரும்பி வந்து பாக்கறப்ப அப்பா தூங்கிட்டு இருந்தாரு. சரி, நல்லாத்தான் தூங்கறாருன்னு வெச்சுட்டேன். நீங்க மட்டுமில்லீங்க. நானும்தான்."

"சுகந்தி..."

"இருங்க, சொல்லிக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் இத எடுத்தேன். ஒரு டிஸ்க் இல்லாட்டி ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன். நீங்க பாட்டுக்குப் புதுசு வாங்கிட்டு வந்து போட்டுட்டீங்க. எல்லாம் திரும்ப வரும்னு சொன்னீங்க. அப்ப எனக்கு வெக்கமாப் போச்சு. இந்த மனுஷன் உண்மை வெளிய வரட்டும்னு நிக்கறாரு, நாம இப்பிடிப் பண்ணிப்போட்டமேன்னு. அப்புறம் இன்னொண்ணும் போச்சுன்னு சொன்னீங்க பாருங்க..." அவள் நிறுத்தினாள். "உங்க மூஞ்சியில நிம்மதி தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் நான் பயந்துட்டேன்."

திருமூர்த்தி டிஸ்க்கைத் துணியின்மேல் வைத்தான்.

"நேத்து எஸ்தர் போன் பண்ணுச்சு," என்றாள் சுகந்தி. "அக்கா, அய்யாவுக்குச் சாமி கும்புடறப்ப சேமியாப் பாயசம் வெய்யுங்க, அதான் அவருக்குப் புடிக்கும்னு சொல்லுச்சு. அதுக்கு மேல என்னால முடியலீங்க. இத வெச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா? இல்ல முடியாதா? முடியாதுன்னா அதையாச்சும் நெசமாச் சொல்லுங்க."

முடியும். ஐந்தாவது செத்துவிட்டது, ஆனால் மூன்றாவது உயிரோடு இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கு இருந்தால் போதும். இது உருவப்பட்டதற்குப் பிறகு பேழை எழுதியது மட்டும் கிடைக்காது. அந்த மத்தியானம் அதற்கு முந்தையது.

அவன் டிஸ்க்கை மறுபடியும் அதே துணியில் சுற்றினான். ஒரு நிமிஷம் கையிலேயே வைத்திருந்தான். பக்கத்து வீட்டில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கைதவறி ஒரு முறை கல்தரையில் போட்டால் போதும் என்ற எண்ணம் அவனுக்கு வந்தது. வந்ததை அவன் கவனித்தான். தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறெதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது.

"மேடத்துக்குப் போன் போடு," என்றான். "எஸ்தரையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி, நான்கையும் படிக்க வைத்து, ஐந்தாவதை மறுபடி எழுத வைத்தான். இந்த முறை பர்வீன் ஓர் ஆளைக் காவலுக்கு வைத்திருந்தார். வேலை முடிந்து எல்லா விளக்கும் பச்சையான அன்று மத்தியானம் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பர்வீன் கை வைத்தார். திருமூர்த்தி கை வைத்தான். பேழை திறந்தது.

திரையில் அப்பாவின் அறை. எஸ்தர் அவர் தலையைத் தூக்கி மருந்து கொடுக்கிறாள். வாயைத் துடைக்கிறாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கிறாள். பிறகு திருமூர்த்தியின் மேசை. எஸ்தர் வாசலில் நின்று சொல்கிறாள்: "சார், அய்யாவுக்கு மருந்து குடுத்துட்டேன். இனி ராத்திரிதான்." அவள் குரல் தெளிவாக இருந்தது. திரையிலிருந்த திருமூர்த்தி போனைக் காதிலிருந்து எடுத்து, அவளைப் பார்த்து, "சரி, போயிட்டு வா," என்றான்.

கூடத்திலிருந்த திருமூர்த்திக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. சரியாகக் காதில் விழவில்லை என்பதை இத்தனை நாளில் அவன் நம்பியே விட்டிருந்தான்.

பிறகு அப்பாவின் அழுகை. பாட்டில். கிண்ணத்தைக் கையில் எடுத்து அவன் தயங்குவது. ஊற்றுவது.

சுகந்தி முகத்தை மூடிக்கொண்டாள். பர்வீன் நிறுத்தவில்லை, ஓடவிட்டார். சாயங்காலம் எஸ்தர் திரும்பி வருகிறாள். பெரியவரைத் தொட்டுப் பார்க்கிறாள், கத்துகிறாள். திருமூர்த்தி ஓடி வந்து அப்பாவின் காலடியில் விழுகிறான். எஸ்தர் சுவரோரமாக நகர்ந்து நிற்கிறாள். அவள் கண் மேசைமேல் போகிறது. மருந்து பாட்டிலை எடுக்கிறாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறாள். பிறகு அழுதுகொண்டிருக்கும் திருமூர்த்தியைப் பார்க்கிறாள். வெகுநேரம். பாட்டிலைச் சத்தமில்லாமல் இருந்த இடத்தில் வைக்கிறாள்.

பர்வீன் படத்தை நிறுத்தினார்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது எஸ்தர்."

"தெரியும் மேடம்."

"நான் கேட்டப்ப ஏன் சொல்லல?"

எஸ்தர் கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "சார் தெரியாமக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன் மேடம். ரெண்டாவது தடவைன்னு அவங்களுக்கே தெரியாது போலன்னு. பெத்த அப்பாவ நம்ம கையாலயே... அத ஒரு மகன்கிட்ட எப்படி மேடம் போய்ச் சொல்றது? நான் தப்புப் பண்ணலன்னு எப்படியும் வீடு சொல்லிரும், அது வரைக்கும் என் வாயால வேணாம்னு இருந்தேன். பெட்டி போனதுக்கப்புறம் ஏஜென்சில சொன்னேன். வீட்டுக்காரங்க மேல பழி போடாத, உன் சொல்லு எடுபடாது, இன்னும் மோசமாகும்னாங்க." அவள் திருமூர்த்தியின் பக்கம் திரும்பினாள். இத்தனை நாளில் முதல்முறையாக 'சார்' என்று சொல்லவில்லை. "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றான் அவன்.

"எப்பலருந்து?"

"மொதல்ல இருந்தே."

அவள் தலையை ஆட்டினாள்.

"அந்த அஞ்சாவது டிஸ்க்," என்றான் திருமூர்த்தி பர்வீனிடம். "அது தானாப் போகலீங்க. நிறுத்தியிருந்தாக் காப்பாத்தியிருக்கலாம். நாந்தான் ஓட விட்டுக் கொன்னேன். அது இதுல இருக்காது. சாமான் ரூம்ல கண் இல்ல. நானாச் சொன்னாத்தான் உண்டு."

சுகந்தியும் தான் செய்ததைச் சொன்னாள்.

ஆணையம் இரண்டையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டது. அர்த்தநாரியின் சாவு விபத்து என்று முடிவானது. வலியில் துடிக்கும் தகப்பனுக்கு மகன் கலக்கத்தில் செய்த பிழை, தண்டனை இல்லை. பேழையை அழித்ததற்குத்தான் தண்டனை. சுகந்தி தானாகவே டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்ததால் எச்சரிக்கையோடு விட்டார்கள். திருமூர்த்திக்குச் சொல்லிழப்பு. ஏழு வருஷத்துக்கு எந்த மன்றத்திலும், எந்த அலுவலகத்திலும், எந்த ஒப்பந்தத்திலும் அவன் சொல் செல்லாது. அவன் பார்த்தேன் என்றால் அது பார்த்ததாக ஆகாது. வீடும் பேழையும் சுகந்தி பெயருக்கு மாறும். கம்பெனியில் அவன் வரைபடங்களில் இனி வேறொருவர் கையெழுத்திட வேண்டும். அப்பாவைக் கொன்றதற்கு ஏதாவது தண்டனை கொடுத்திருந்தால் தாங்கியிருப்பேன் என்று அவன் சுகந்தியிடம் சொன்னான்.

தீர்ப்பை வாசித்து முடித்ததும் அவன் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தான். எஸ்தர் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உரிமத்தைத் திரும்ப வாங்கியாகிவிட்டது. காலடியில் ஒரு பெரிய பை. பொள்ளாச்சி போய் அங்கிருந்து வால்பாறை பஸ் பிடிக்க வேண்டும். இனி கோயம்புத்தூரில் வேலைக்கு வரப் போவதில்லை என்று ஏஜென்சியில் சொல்லிவிட்டாளாம்.

அவன் எதிரில் போய் நின்றான்.

"எஸ்தர், உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை.

"உங்க சொல்லு செல்லாதுன்னு இப்பத்தான் உள்ள வாசிச்சாங்க."

அவன் நின்றுகொண்டே இருந்தான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தான். அவள் பையைக் காலால் ஒதுக்கி, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பரவால்ல. சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

அவன் உட்கார்ந்தான்.